உண்ணிப்புதரை எந்தப் பக்கமிருந்து வெட்டுவது?

சிட்னியில் வீடுகளுக்குப் பின்னாலும் ஓடைச் சரிவுகளிலும் துறைமுகக் கரையிலும் பழைய காடு துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. மாதம் ஒருமுறை அங்கே கூடி இரண்டு மூன்று மணி நேரம் களையெடுக்கும் தன்னார்வலர் குழுக்களுக்குப் 'புஷ்கேர்' என்று பெயர். புதிதாக வருகிறவர் கண் முதலில் போவது ஆளுயரம் மண்டிய உண்ணிச்செடிப் புதர் மீதுதான். முதுமலையை அடைத்துக்கொண்டிருக்கும் அதே அமெரிக்கச் செடி. ஆனால் அவரை அங்கே விடமாட்டார்கள். களை குறைவாகவும் காடு செழிப்பாகவும் இருக்கிற மூலைக்கு அனுப்புவார்கள்.

1960களில் ஜோன், ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் சிட்னியின் மோஸ்மன் பகுதியில் களையெடுத்துப் பார்த்துக் கண்ட வழி இது. நல்ல இடத்திலிருந்து கெட்ட இடத்தை நோக்கி நகர வேண்டும். மண்ணைக் கூடியவரை கிளறக்கூடாது. காட்டின் சொந்தச் செடிகள் முளைத்து நிரப்பும் வேகத்தைத் தாண்டிக் களையெடுக்கக்கூடாது.

காரணம் மண்ணில் இருக்கிறது. சிட்னியின் மணற்பாறை மண்ணில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. பேங்க்சியா போன்ற உள்ளூர்ச் செடிகள் அந்த வறுமைக்குப் பழகியவை. தெருக்களிலிருந்து மழைநீர் சுமந்துவரும் உரச்சத்தோ களைகளுக்குத்தான் விருந்து. பெரிய புதரை ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தால் வெறும் மண்ணில் வெயில் விழும். அங்கே முந்திக்கொண்டு முளைப்பவை பெரும்பாலும் களை விதைகளே. நல்ல காட்டின் ஓரமாக ஓரிரு மீட்டர் மட்டும் எடுத்தால் பக்கத்து மரங்களின் விதை வந்து விழும். பல பத்தாண்டுகளாக மண்ணில் உறங்கும் வாட்டில் என்ற உள்ளூர் வேல மரத்தின் விதையும் விழிக்கும். அகலக்கால் வைத்த குழு அடுத்த வசந்தத்தில் முன்பைவிடக் கூடுதலான களையோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். இன்னொன்று, அந்த உண்ணிப்புதருக்குள் நீலக்குருவிகள் கூடு கட்டியிருக்கும். மாற்றுப் புதர் வளரும்வரை பாதியையாவது விட்டுவைக்க வேண்டும்.

உண்ணிச்செடியின் வேர் ஆழம் போகாது. சின்னதைக் கையாலேயே பிடுங்கலாம். பிடுங்கியதைத் தரையில் போட்டால் தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடும். வேர் மேலே இருக்கும்படி கிளையில் தொங்கவிடுங்கள். பெரியதற்கும், பிரிவெட் என்ற இன்னொரு களை மரத்துக்கும் 'வெட்டிப் பூசும்' முறை. தரையிலிருந்து 2 செ.மீ.க்குள் மட்டமாக அறுக்க வேண்டும்; சாய்த்து அறுத்தால் மருந்து வழிந்துவிடும். ஒட்டிய மண்ணைத் துடைத்து, கிளைபோசேட் களைக்கொல்லியைத் தூரிகையால் 15 விநாடிக்குள் பூச வேண்டும். ஒரு பங்கு மருந்துக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் என்பது வழக்கமான கலவை. பட்டைக்கு அடியிலுள்ள வளையத்தில் மருந்து படுவதுதான் முக்கியம், ஏனென்றால் வேருக்கு உணவு போகும் வழி அது. தாமதித்தால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும், மருந்து இறங்காது. அதனால்தான் ஒருவர் அறுக்க இன்னொருவர் பூசுவார்.

தண்ணீர்விட்டானின் தென்னாப்பிரிக்க உறவான ஆஸ்பராகஸ் களைக்கு மருந்தே வேண்டாம். வேரில் முத்து முத்தாகத் தொங்கும் கிழங்குகளைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் தோண்டுவது புதியவர்கள் செய்யும் வீண்வேலை. அவை வெறும் தண்ணீர்ப்பைகள், திரும்ப முளைக்காது. முளைப்பது தண்டுகள் கிளம்பும் நடுக்கொண்டை. அதைச் சுற்றிக் கத்தியால் வேர்களை அறுத்து நெம்பி எடுத்தால் போதும், மண்ணும் கலையாது. ஓடைக்கரையில் படரும் டிராடஸ்கான்சியா என்ற களைக்கொடி இதற்கு நேர் எதிர். ஒரு கணு தங்கினாலும் மறுபடி படரும். பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, கறுப்புப் பையில் கட்டி வெயிலில் அவிய விட வேண்டும்.

வேலைக்கு முன்னும் பின்னும் காலணி அடியில் 70% மெத்திலேட்டட் ஸ்பிரிட் தெளிக்க மறக்காதீர்கள். வேரழுகல் நோய்க் கிருமி மண்ணோடுதான் பயணம் செய்யும். கொடிய விஷமுள்ள ஃபன்னல்வெப் சிலந்தி இருக்கும் ஊர் என்பதால் வெறுங்கையைப் பொந்தில் விடுவதும் கூடாது.

உண்மையான வேலை இதற்குப் பிறகு வருவது. நல்ல மழை பெய்த சில வாரங்களில் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். விரல் நீள நாற்று இரண்டு விரலுக்கே வந்துவிடும். பிசகு நடப்பதும் இங்கேதான். பிரிவெட் நாற்றுக்கும், நாவல் இனத்தைச் சேர்ந்த உள்ளூர் லில்லிபில்லி நாற்றுக்கும் இலைகள் எதிரெதிராகவே இருக்கும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். லில்லிபில்லியில் ஊசிமுனை அளவு எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும், பிரிவெட்டில் தெரியாது. அப்போதும் சந்தேகமென்றால் விட்டுவிட்டு அடுத்த மாதம் பாருங்கள். ஒரு மாதத்தில் பிரிவெட் காய்த்துவிடாது.