முதுகை விறைத்துக்கொண்டு உட்காராதீர்கள்

முதுகு வலியோடு என்னிடம் பிசியோதெரபிக்கு இப்படி வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். குனிந்தால் அதிர்கிற சென்சாரை முதுகில் ஒட்டிக்கொண்டு எட்டு வாரமாக நாள் முழுக்க விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். வலி கூடித்தான் போயிருக்கிறது. "சரியாத்தானே உட்கார்ந்தேன்?" என்று கேட்கும்போது குரல் தழுதழுக்கிறது. குப்புறப் படுக்க வைத்துத் தொட்டுப் பார்த்தேன். முதுகெலும்பின் இரு பக்கத் தசைகளும் படுத்த பிறகுகூடத் தளரவில்லை.

கூன் போட்டால் வலி வரும், நிமிர்ந்தால் போய்விடும் என்று யார் சொல்லிக்கொடுத்தது? கூன் போட்டே உட்கார்ந்து ஒரு வலியும் இல்லாதவர்கள் ஏராளம். நிமிர்ந்த முதுகோடு வருடக்கணக்கில் அவதிப்படுபவர்களும் என்னிடம் வருகிறார்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சரியான நிலை என்று எதுவும் கிடையாது. வலி இல்லாதவர் முழுக்கக் குனிந்தால் முதுகுத் தசைகள் தாமாகவே ஓய்ந்துவிடும். மூன்று மாதத்துக்கு மேல் வலியோடு இருப்பவர்கள் பலருக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. குனியும்போதும் தசை இறுக்கிப் பிடித்தபடியே இருக்கும். அவர்களிடம் போய் "இன்னும் நிமிருங்கள்" என்றால் எப்படி? அவர்கள் கற்க வேண்டியது தளர்த்துவதை.

உடல் எப்படி இருக்கிறது என்று உணர்த்த, கண்ணாடி, தோலில் ஒட்டும் டேப், என் கை எல்லாவற்றையும் நானும் பயன்படுத்துகிறேன். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கியவரின் இடுப்புக்கு அடியில் காற்றுப்பையை வைத்து, 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு ஊதி, அழுத்தத்தைக் காட்டும் முள் அதிகம் ஆடாமல் காலைத் தூக்கச் சொல்வேன். முதலில் ஒவ்வொரு முறையும் முள்ளைப் பார்க்கலாம். பிறகு மூன்று முறைக்கு ஒருமுறை. அப்புறம் முள்ளை மறைத்துவிட்டு, "இப்போ கூடுச்சா, குறைஞ்சுதா?" என்று கேட்பேன். பார்க்காமலே சரியாகச் சொல்லும் நாளில் பையை எடுத்து வைத்துவிடுவேன். ஓயாமல் அதிர்கிற கருவி இந்தக் கட்டத்துக்கு வரவே விடுவதில்லை. (இளம் பிசியோக்களே, உங்கள் "நிமிருங்க, நிமிருங்க" என்ற குரலும் அதே கருவிதான்.)

இடுப்பு பெல்ட்டை மாதக்கணக்கில் கட்டாதீர்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாக அதைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். சாய்ந்து உட்காருங்கள், குனியுங்கள், ஒன்றும் உடைந்துவிடாது. ஆனால் தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ, தானாகப் போனாலோ, கால் வலுவிழந்தாலோ பயிற்சியும் வேண்டாம், என்னிடமும் வர வேண்டாம். அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

வாங்கிய சென்சாரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பயிற்சி நேரத்துக்கு மட்டும் ஒட்டுங்கள். அடுத்த முறை வரும்போது அதையும் கையோடு கொண்டுவாருங்கள். எப்போது கழற்றுவது என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.