கடற்பசுவின் மேய்ச்சல் நிலம்

ஈரநிலம் என்றதும் நம்மவர்களுக்குக் குளமும் வயலும் கண்டல் காடும்தான் ஞாபகம் வரும். 1971 ராம்சார் உடன்படிக்கையோ வற்று நேரத்தில் ஆறு மீற்றருக்கு மேல் ஆழமில்லாத கடலையும் ஈரநிலமாகவே கணக்கில் எடுக்கிறது. அப்படிப் பார்த்தால் யாழ்ப்பாணத் தீவகத்தில் மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கத்து ஆழமில்லாத பரவைக்கடலும் ஈரநிலம்தான்.

தீவகக் கரைகளில் கடற்புல்லைக் கணக்கெடுப்பது என் வேலை. சதுரக் கம்பிச் சட்டம் ஒன்றைத் தரையில் வைத்து, உள்ளே எவ்வளவு புல், எவ்வளவு வெறுமணல் என்று குறிப்போம். நல்ல இடத்தில் சட்டத்துக்குள் மண்ணே தெரியாது. நீட்டு இலைகளுக்கு அடியில் முட்டை வடிவில் சின்ன இலைகள் படர்ந்து கிடக்கும். கையால் விலக்கினால் இறால் குஞ்சுகள் தெறித்து ஓடும். கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடி போன இடத்தில் வேரோடு பிடுங்குப்பட்ட வெறும் மணல் கோடுதான். கிளம்பிய சேறு பக்கத்துப் புல்லிலும் படியும். வெளிச்சம் கிடைக்காமல் அதுவும் மெல்ல அழுகும்.

அந்தச் சின்ன இலைப் புல், கடலில் வாழும் பாலூட்டியான கடற்பசுவுக்கு மிகவும் பிடித்த தீனி. பாக்கு விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் இந்த விலங்கு நாளுக்கு 30, 40 கிலோ புல் தின்னும். இலங்கையில் இதைக் கொல்வது 1970 முதல் குற்றம். சரி, யாருமே கொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் புல் இல்லாமல் இது பெருகாது. சினைக்காலம் 13, 14 மாதம். ஈனுவது ஒரே குட்டி. அடுத்த ஈற்றுக்கு 3 முதல் 7 வருடம். தீனி குறைந்தால் பெண் கடற்பசு ஈனுவதையே தள்ளிப்போடும். கரையில் நடக்கும் கூட்டங்களில் இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இழுவைமடியை 2017 இல் சட்டம் தடை செய்தது. ஆனாலும் இந்தக் கடலில் மடி இழுபடுவது நிற்கவில்லை. கடலட்டைப் பண்ணைகளை நான் எதிர்க்கவில்லை. அதை நம்பிப் பல வீடுகளில் அடுப்பெரிகிறது. ஆனால் புல்தரையின் நடுவே கம்பு நட்டு வலையடைக்க இடம் கொடுப்பது தவறு. அனுமதிக்கு முன் யாராவது தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தே ஆகவேண்டும்.

அப்புறம், வலை. கடற்பசு சில நிமிடத்துக்கொருமுறை மூச்செடுக்க மேலே வரவேண்டும். திருக்கை வலையில் மாட்டினால் மூழ்கியே செத்துப்போகும். வலை தூக்கும்போது உயிர் இருந்தால் முதலில் மூக்கை நீருக்கு மேலே பிடியுங்கள், பிறகு வலையை அறுங்கள். வாலில் கயிறு போட்டு இழுக்க வேண்டாம், வள்ளத்தில் ஏற்றவும் வேண்டாம்.

“தம்பி, வலை என்ன விலை விக்குது தெரியுமோ?” என்று ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அக்கரையில் தமிழ்நாட்டு அரசு 2022 இல் பாக்கு விரிகுடாவின் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசுவை விடுவித்த மீனவர்களுக்கு அங்கே வனத்துறை பணம் கொடுத்திருக்கிறது. நமக்கும் அதே கடல்தான். அறுத்த வலைக்கு இங்கும் நட்டஈடு வேண்டும். கடற்றொழிலாளர் சங்கங்கள் அதைக் கேட்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு எழுதினால், அந்தந்தக் கரையின் புல் விபரங்களை இணைத்துத் தர நான் தயார்.