கருவி வாங்கப் போகும்போது இரும்பு ஸ்கேலையும் கொண்டு போங்கள்

தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் 22 வருடமாக வள்ளம் கட்டுகிறேன். பிளைவுட், பைபர் இரண்டும் உண்டு. எல்லை தாண்டி, கேரளத்துப் பொழியூரிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும்கூடப் பழுது பார்க்க வருவார்கள். புதிதாகப் பட்டறை போடுகிற பையன்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "அண்ணே, எந்தக் கம்பெனி மிஷின் வாங்கணும்?"

கம்பெனி பெயரை அப்புறம் பார்க்கலாம். கையில் எடுத்த பொருளை அங்கேயே சோதிக்கப் பழகுங்கள். மார்த்தாண்டம் கடையானாலும் சரி, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவானாலும் சரி, நல்ல கடைக்காரர் இதைத் தடுக்க மாட்டார்.

மூலைமட்டம் வாங்கும்போது, நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. விரிந்தால் அந்த மட்டம் வேண்டாம். ரசமட்டத்தையும் இப்படி முனை மாற்றி வைத்துப் பாருங்கள், குமிழி அதே இடத்தில் நிற்க வேண்டும். இழைப்புளியின் (எல்லைக்கு அந்தப் பக்கம் சிந்தேர் என்பார்கள்) அடிப்பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பள்ளம் இருக்கும் இடத்தில் வெளிச்சம் ஒழுகும். டிரில்லில் நீளமான பிட்டை மாட்டி ஓட்டச் சொல்லுங்கள். பிட் நேராக இருந்தும் முனை தள்ளாடினால் அந்த டிரில் போடும் துளை பெரிதாகும். அந்தத் துளையில் போல்ட் ஆடும், ஆடும் இடத்தில் தண்ணீர் இறங்கும்.

இனி உளி விஷயம். வள்ளம் கட்டும் அயினி மரத்தை விட பிளைவுட்தான் உளியின் வாயைச் சீக்கிரம் மழுக்கும். அடுக்குகளை ஒட்டுகிற பசை அவ்வளவு கடினம். 1980களில் முட்டத்தில் பிளைவுட் வள்ளம் கட்ட ஆரம்பித்ததிலிருந்தே இந்தக் கரைக்காரர்களுக்கு இது தெரியும். அறுக்கும் ரம்ப மிஷினுக்கு, மிகக் கடினமான கார்பைடு பல் வைத்த பிளேடு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் விளிம்பு பிய்யாமல் வரும்.

இனி கிரைண்டர், அதாவது டிஸ்க் சுழன்று பைபரை வெட்டும், தேய்க்கும் கை மிஷின். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும்.

4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றும். டிஸ்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது என்று அர்த்தம். டிஸ்கில் அச்சிட்ட வேகம் மிஷினின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். நல்ல டிஸ்கில் 15,200 என்று போட்டிருக்கும். நடுவிலுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் இருக்கும், அதுதான் காலாவதித் தேதி. பிசினால் கட்டிய டிஸ்குக்குப் பொதுவாக 3 ஆண்டுதான் ஆயுள். நம் கடற்கரை ஈரத்தில் வெளியே போட்டு வைத்தால் அதற்கு முன்பே வலு போகும்.

சில வருடங்களுக்கு முன் மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு பெட்டி டிஸ்க் வாங்கினேன். தேதி இல்லை, வேகமும் இல்லை. என் மச்சினன் வள்ளத்தின் மேல் விளிம்பில் பைபர் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று வெடித்துத் துண்டு முன்கையில் இறங்கியது. 11 தையல். மூலைக்குள் நுழையவில்லை என்று கார்டை (டிஸ்கை மறைக்கும் காப்புத் தகட்டை) கழற்றி வைத்திருந்தான். நான் காலையிலேயே அதைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கார்டு இல்லாத கிரைண்டர் என் பட்டறையில் ஓடாது. கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுவதும் கிடையாது. அது மரத்தில் கடித்தால் மிஷின் முகத்தை நோக்கித் துள்ளும்.

ஈர மணலில் வெறுங்காலோடு நின்று மிஷின் பிடிப்பவர்கள் நாம். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிறதா பாருங்கள், இரட்டைக் காப்பு என்று பொருள். அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். வள்ளம் கரையில் இருக்க, வயர் வீட்டிலிருந்து இழுத்து வருவோம். மெல்லிய வயரில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடாகும். 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள், சுருளை முழுதும் அவிழ்த்துவிட்டு ஓட்டுங்கள்.

ரெசின் (பைபரை இறுக்கும் பிசின்) பூசும் இடத்துக்குப் பக்கத்தில் எந்த மிஷினும் வேண்டாம். கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) வைத்த மோட்டாருக்குள் எப்போதும் பொறி பறக்கும், ரெசின் ஆவியோ சட்டென்று தீப்பிடிக்கும்.

கடைசியாகக் கடைக்காரரிடம் கேளுங்கள்: கார்பன் பிரஷ், பேரிங், ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) இங்கே கிடைக்குமா? உப்புக் காற்றும் பைபர் தூசியும் முதலில் தின்பது அவற்றைத்தான். நாகர்கோவிலில் உதிரிபாகம் கிடைக்காத மிஷினை எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் நான் வாங்குவதில்லை.