வெள்ளைத் திரையைக் கண்டதும் 777 போடாதீர்கள்

பத்தமடைப் பாய் விற்கும் அண்ணாச்சி ஒருவர் காலையிலேயே போன் போட்டார். "தம்பி, சைட்டு தொறக்கவே மாட்டேங்கு. 500னு என்னமோ வருது. பொண்ணு மாப்பிள்ளை பேரு போட்டுக் கல்யாணப் பாய் கேக்குற நேரம்."

வண்ணார்பேட்டையில் இருந்தபடியே அவருடைய சைட்டை நிர்வகிக்கும் சிபேனலுக்குள் போனேன். எல்லா ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் 777 பெர்மிஷன், அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்ற அனுமதி!

"யாரு அண்ணாச்சி போட்டது?"

"நாந்தான். ஒரு வீடியோவுல சொன்னான்."

ஒரே சர்வரில் பல பேருடைய சைட்டுகளை வைக்கும் ஷேர்டு ஹோஸ்டிங் நம்ம ஊர் வளவு மாதிரி. ஒரே வாசலுக்குள் பல குடித்தனம். 777 என்றால் உங்கள் வீட்டுக் கதவை மட்டும் கழற்றி வைப்பது. அதனாலேயே பல சர்வர்கள், யாரும் எழுதலாம் என்று திறந்து கிடக்கும் ஸ்கிரிப்டை ஓட்ட மறுத்து 500 காட்டிவிடும். சொந்தக்காரர் மட்டுமே எழுதலாம் என்கிற மாதிரி ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 என்று மாற்றியதும் முகப்பு வந்துவிட்டது. ஆர்டர் பக்கம் மட்டும் வெள்ளையாகவே நின்றது. விசாரித்தால், முதலில் படுத்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வைத்தியத்தால் வந்த வியாதி.

அப்புறம்தான் பிழைகள் பதிவாகும் எரர் லாக்கைத் திறந்தேன். பெரும்பாலும் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலேயே அது கிடக்கும். கடைசி வரியில் இருந்து மேல்நோக்கிப் படியுங்கள். நேரம் பல சர்வர்களில் யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும், நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் நேற்றைய பிழையை நானே ஒருமுறை துரத்தியிருக்கிறேன். அண்ணாச்சியின் லாக் தெளிவாகச் சொன்னது: ஆர்டர் ஃபைலில், 42-வது வரியில் கூப்பிட்டிருக்கும் 'ஈச்' என்ற ஃபங்ஷனே இல்லை. சைட்டை எழுதிய மொழி பிஎச்பி, அதன் 8.0 பதிப்பில் அந்த ஃபங்ஷனை எடுத்துவிட்டார்கள். ஹோஸ்டிங்காரர்கள் 7.4-இல் இருந்து 8-க்கு மாற்றியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, 7.4-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2022 நவம்பரோடு நின்றுபோனது. அந்த வரியை 'ஃபார்ஈச்' என்று திருத்த ஐந்து நிமிடம்.

லாக்கில் ஒன்றும் இல்லையென்றால் உங்களுக்கு ஒதுக்கிய இடம் (டிஸ்க் கோட்டா) நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால், சர்வருக்கான அமைப்புகள் இருக்கும் ஹெச்டிஅக்சஸ் (.htaccess) ஃபைலின் பெயரைச் சற்று மாற்றி வைத்துப் பாருங்கள். ஹோஸ்டிங்காரருக்கு எழுதும்போது 'சைட் ஓடவில்லை' என்று மட்டும் எழுதாமல், லாக் வரியை அப்படியே ஒட்டி அனுப்புங்கள்.

பிஎச்பி மாறப்போகிறது என்று மூன்று வாரம் முன்பே அறிவிப்பு மெயில் போயிருக்கிறது. கணக்கில் இருந்ததோ, சைட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு துபாய்க்குப் போய்விட்ட பையனின் மெயில் முகவரி.