மூன்று பெயரில் ஒரே மாத்திரை

போன வாரமும் ஒருவர். கடலூர் புதுப்பாளையம் பக்கம், எழுபதைத் தொடும் வயது. விடியற்காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, பனியன் முழுக்க வியர்வை. பக்கவாதம் என்று பயந்துபோய் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை 38, ஆபத்தான அளவுக்குக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்துவிட்டார். ஆனாலும் தலைக்கு ஸ்கேன், ஐ.சி.யூ., மருமகளின் வளையல் அடகுக் கடையில்.

பிறகு மகன் என்னிடம் கூட்டிவந்தார். வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லியிருந்தேன். மஞ்சப்பையை மேசையில் கொட்டினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு அட்டை ஒன்று. கிளினிக்கில் எழுதிக்கொடுத்த, கிளிமிபிரைடும் மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்தும் கலந்த அட்டை இன்னொன்று. பாண்டிச்சேரிக்குப் போய்க் காட்டியபோது எழுதியது மூன்றாவது, அதுவும் வேறு பெயரில் கிளிமிபிரைடுதான். "காலையில வெள்ளை, மத்தியானம் பச்சை, ராத்திரிக்கு ரோஸ் சார்" என்றார் பெரியவர். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லையாம்!

எழுதிய மூவரில் யாரும் தப்பாக எழுதவில்லை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, அதுதான் கோளாறு. பிரஷர் மாத்திரையிலும் இதே கூத்து நடக்கிறது. அம்லோடிபின் இரண்டு பெயரில் உள்ளே போகும், கால் வீங்கும், "கிட்னி போச்சு" என்று டெஸ்ட்டுக்குச் செலவழிப்பார்கள்.

சுகாதார நிலையத்து மாத்திரை கையில் இருக்க, வெளியில் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். "ஃப்ரீ மாத்திரைக்குப் பவர் கம்மி சார்."

இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2 மில்லிகிராம் என்றால் எங்கே வாங்கினாலும் 2 மில்லிகிராம்தான். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விட்டு, கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் மொத்தமாக வாங்குகிறார்கள். வரும் சரக்கு மாவட்டக் கிடங்கில் தனியாக நிற்கும். மாதிரி ஆய்வகத்தில் தேறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் கேரளாவும் ராஜஸ்தானும் தங்களுக்கென்று கழகம் அமைத்தன. கடையில் நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு மருந்தின் வீரியத்துக்கு இல்லை. பளபளப்பான அட்டைக்கு, மருந்துக் கம்பெனி ரெப்பின் பெட்ரோலுக்கு, என் மேசை மேல் இருக்கும் பேனா ஸ்டாண்டுக்கு.

விலை கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால் மூலப்பெயர் மருந்தைக் குறைந்த விலையில் விற்கும் மக்கள் மருந்தகம் இருக்கிறது, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்கள் இருக்கின்றன. ஒன்று மட்டும்: வலிப்பு, தைராய்டு மாத்திரைகளைக் கம்பெனி மாற்றுவதாக இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

அடுத்து, "காப்பீட்டு அட்டைதான் இருக்கே." முதல்வர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அது பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனையில். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அதில் பணம் வராது. அட்மிஷன் போடும்போதே காப்பீட்டு கவுண்ட்டரில் அட்டையைக் காட்டுங்கள். எல்லாம் கட்டி முடித்து, டிஸ்சார்ஜ் அன்றைக்கு நீட்டினால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்து இன்னும் அட்டை எடுக்காதவர்கள் இந்த வாரமே கலெக்டர் ஆபீஸ் போய் வாருங்கள், நெஞ்சுவலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

எந்த டாக்டரிடம் போனாலும் மாத்திரைப் பையோடு போங்கள். அட்டையில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், மருந்தின் மூலப்பெயரும் இருக்கும். அந்த மூலப்பெயரைப் பிள்ளைகளைவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு அட்டையில் அது ஒன்றாக இருந்தால் அன்றைக்கே வந்து காட்டுங்கள். கடைக்காரரிடம் மாத்திரை அட்டையை வெட்டி வாங்கும்போது பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பெயரில்லாத துண்டை என்னிடம் காட்டி "இது என்ன சார்" என்றால் நான் என்ன ஜோசியமா பார்ப்பேன்?

சர்க்கரை மாத்திரை போடுகிறவருக்குக் கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறினால் முதலில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது. கிளிமிபிரைடு பல மணி நேரம் உடம்பில் நிற்கும். வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர் என்றால் சர்க்கரை திரும்பவும் இறங்கும்.