போல்ட் வாங்குபவர் புகைக் கணக்கு கேட்டால்

சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் போல்ட், நட்டு செய்து ஜெர்மனிக்கு அனுப்பும் ஓர் அண்ணனுக்குப் பல ஆண்டுகளாகச் சுங்கப் பத்திரங்களைப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். ஒரு நாள் பதற்றத்தோடு அழைத்தார். "தம்பி, ஒரு டன் போல்ட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியாச்சுன்னு வாங்குறவங்க கேட்கிறாங்க. நாம கரிம வரியே கட்டுறதில்லையே, இதை எங்கே போய்த் தேடுறது?"

நியாயமான கேள்விதான். சிங்கப்பூரில் கரிம வரியை நேரடியாகக் கட்டுவது பருவநிலையைச் சூடாக்கும் வாயுக்களை ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியிடும் பெரிய ஆலைகள். 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) இருந்தது, 2024இல் 25 ஆகி, 2026இல் 45 ஆகியிருக்கிறது. அண்ணனைப் போன்றவர்களுக்கு அது மின்கட்டணத்தில் கொஞ்சமாகத் தெரியும், அவ்வளவுதான்.

அவருக்கு வந்த கேள்வி ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிமக் கட்டண முறையிலிருந்து வருகிறது. எங்கள் தொழிலில் 'சிபாம்' (CBAM) என்போம். வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் சரக்கைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவுக்குக் கட்டணம் கேட்கும் முறை இது. இரும்பு எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். 2023 அக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரி 1 முதல் இறக்குமதியாகும் சரக்குக்குப் பணமும் உண்டு. அந்தக் கட்டணத்துக்காக இறக்குமதியாளர் வாங்க வேண்டிய சான்றிதழின் விற்பனை 2027 பிப்ரவரியில் தொடங்கும். சட்டப்படி பொறுப்பு ஐரோப்பிய இறக்குமதியாளருடையது. ஆனால் எண்ணை நாம்தான் தர வேண்டும். தராவிட்டால் இயல்பு மதிப்பு என்று ஒன்றியமே நிர்ணயித்த எண்ணைப் போட்டுக்கொள்வார்கள். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். கூடுதல் செலவைப் பார்க்கும் இறக்குமதியாளர் அடுத்த ஆர்டரை எண் கொடுக்கும் கடைக்கு மாற்றிவிடுவார்.

ஆண்டுக்கு 50 டன்னைத் தாண்டாவிட்டால் விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டதும் அண்ணன் நிம்மதியானார். அங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். அந்த 50 டன், நாம் அனுப்பும் அளவு அல்ல. அந்த இறக்குமதியாளர் எல்லா நாடுகளிலிருந்தும் வாங்கும் சிபாம் சரக்கின் மொத்தம். நாம் பத்து டன் அனுப்பினாலும் அவர் ஐந்நூறு டன் வாங்குபவராக இருக்கலாம்.

அப்புறம் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டை, அதாவது எஃகு ஆலை தரும் தரச் சோதனைச் சான்றை, எடுத்துக் காட்டினார். "இதோ, கார்பன்னு போட்டிருக்கே." அது எஃகுக்குள் கலந்திருக்கும் கார்பனின் விழுக்காடு. அந்த எஃகை உருக்கும்போது போன புகையைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி கூட இல்லை. போல்ட்டின் கரிமச் சுமையில் பெரும்பங்கு துவாஸ் பட்டறையில் உண்டாவதில்லை, போல்ட்டுக்கான கம்பியின் எஃகை உருக்கிய ஆலையில்தான் உண்டாகிறது. இரும்புத் தாதுவை நிலக்கரி கொண்டு உருக்கும் ஊதுலை எஃகு என்றால் டன்னுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு. பழைய இரும்பை மின் உலையில் உருக்கியதென்றால் அதைவிட வெகு குறைவு. ஆக, எந்த உலை என்று கம்பி வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

"பருவநிலை ஒப்பந்தத்துல உலக நாடுகள் கையெழுத்துப் போட்டதுக்கு நான் ஏன் கணக்கு எழுதணும்?" என்றார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பருவநிலைக்கான பாரிஸ் உடன்பாட்டில் தண்டனை கிடையாது. அதன் 15ஆவது விதி அமைத்த குழு, நாடுகளுக்கு உதவும், தண்டிக்காது. அதற்கு முந்தைய கியோட்டோ நெறிமுறையிலிருந்து விலகுவதாகக் கனடா 2011இல் அறிவித்தது. யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் ஓசோன் படலத்துக்கான 1987 மாண்ட்ரியல் நெறிமுறை, சேராத நாடுகளுடன் அந்த வேதிப்பொருள்களில் வணிகம் செய்வதைக் கட்டுப்படுத்தியது. இன்று உலக நாடுகள் எல்லாமே அதில் உறுப்பினர். வணிகக் கதவைப் பிடித்தால்தான் ஒப்பந்தம் நிற்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இதுதான்.

அந்தக் கதவை எப்படிப் பிடிப்பது என்பதற்கும் வழக்கு உண்டு. கடலாமைகளைக் காக்கும் கருவி இல்லாமல் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்தபோது இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து வழக்குத் தொடுத்தன. நோக்கம் சரி, ஆனால் நாடுகளுக்கிடையே பாரபட்சம் காட்டிய விதம் தவறு என்று 1998இல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு சொன்னது. அந்தக் குழுவே 2019 டிசம்பர் முதல் முடங்கிக் கிடப்பது பெரிய இழப்பு. இன்னொரு பக்கம், நாடுகள் தங்கள் பருவநிலை இலக்கை மனம்போல எழுதிவிட முடியாது என்று 2025 ஜூலை 23 அன்று அனைத்துலக நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கியிருக்கிறது.

நம் ஊருக்கும் இதில் இடமுண்டு. சிங்கப்பூருடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் பற்றி 2017இல் கருத்துச் சொன்ன ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், அதிலுள்ள சுற்றுச்சூழல் கடப்பாட்டை ஒருவர் மீறினால் மற்றவர் வணிகச் சலுகையையே நிறுத்திவைக்க முடியும் என்றது.

எனக்கு இந்த முறையில் உடன்பாடு உண்டு, வருத்தமும் உண்டு. சான்றிதழ் விற்கும் பணம் ஐரோப்பாவிலேயே தங்கும், கணக்கெழுதும் பாரம் சிறிய பட்டறைகள் மேல் விழுகிறது. இந்தியா போன்ற நாடுகள் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்காக வாங்குபவரின் மெயிலுக்குப் பதில் போடாமல் இருந்துவிட முடியாது.

அண்ணனும் நானும் ஆலைக்கு எழுதினோம். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு எண் வந்தது. இப்போது அவர் கம்பிக்கு ஆர்டர் போடும் தாளில், ஹீட் நம்பருக்கு (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது: எந்த உலை, டன்னுக்கு எவ்வளவு. அது நிரம்பாமல் வரும் சரக்குக்கு அவர் பணம் விடுவதில்லை.