அசதிக்கும் மனச்சோர்வுக்கும் ஒரே மதிப்பெண்ணா?

கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் அசதியாக இருந்தீர்கள்? பிஎச்கியூ-9 என்ற மனச்சோர்வு வினாத்தாளில் இப்படி ஒரு கேள்வி வருகிறது. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து தண்ணீர் பிடித்து, உலை வைக்கிற பெண்ணிடம் கேட்டால் "தினமும்தான்" என்பார். 3 மதிப்பெண். தூக்கத்தைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. மே மாத வேலூர் வெயிலில், ராத்திரி கரண்டும் போனால் யாருக்குத் தூக்கம் வரும்? இன்னொரு 3. மொத்தம் 27க்கு 10 வந்தாலே மனச்சோர்வு இருக்கலாம் என்பது வழக்கமான கோடு. மனசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே அவர் 6 வாங்கிவிட்டார்.

அதனால்தான் ஆங்கில வினாத்தாளை நல்ல தமிழில் எழுதிவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. மன வேதனை ஒரே அளவில் இருக்கிற இரண்டு வெவ்வேறு ஊர் ஆட்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் அவர்கள் பதில் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஊர்க்காரர்கள் மட்டும் அசதிக் கேள்வியில் எப்போதும் கூடுதலாக வாங்கினால், அந்தக் கேள்வி அங்கே உடல் உழைப்பையும் சேர்த்து அளக்கிறது. அப்புறம், மதிப்பெண் தெரியாத மனநல மருத்துவர் ஒருவர் அதே ஆட்களிடம் தனியாக, விரிவாகப் பேசி முடிவு சொல்வார். அதோடு ஒப்பிட்டுத்தான் கோடு போடுவார்கள்.

1987இல் வந்த எடின்பரோ என்ற மனச்சோர்வு வினாத்தாள், பிரசவித்த பெண்களுக்கானது. கைக்குழந்தைக்காரி யாரானாலும் களைத்துத்தான் இருப்பார் என்பதால் அசதிக் கேள்வியையே அதில் சேர்க்கவில்லை, எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. அதன் தமிழ் வடிவத்தை வேலூர் சிஎம்சி குழுவினர் இங்குள்ள தாய்மார்களிடம் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள்.

கேட்கிற விதமும் முக்கியம். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தால் மருமகள் என்ன சொல்வார்?

சரி, எல்லாம் ஒழுங்காக அமைந்தது என்றே வைத்துக்கொள்வோம். 100 பேரில் 10 பேருக்கு உண்மையிலேயே பிரச்சினை, அதில் 8 பேரை வினாத்தாள் பிடிக்கிறது, நன்றாக இருக்கிற 90 பேரில் 80 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 18 பேர் வீணாக மாட்டுவார்கள், ஆளுக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். கோட்டை உயர்த்தினால் இந்த 18 குறையும், கூடவே அந்த 8 பேரிலும் சிலர் தவறிப்போவார்கள். கிராமத்தில் வீடு வீடாகக் கேட்கும்போது ஒரு கோடு, ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் வந்தவர்களிடம் கேட்கும்போது வேறு கோடு என்று தனித்தனியாகச் சோதிப்பது இதற்காகத்தான்.